டிராயிங்கு வாட்ஸ்அப்புல இருக்குதுங்ணா, பார்த்துக்கோங்க!

ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு மெசேஜ்.

"அண்ணா, டிராயிங் போட்டிருக்கேன். காலைல மிஷின்ல ஏத்திருங்க."

தொறந்து பார்த்தா ஒரு போட்டோ. டீக்கடையில வெச்சு எடுத்திருப்பாங்க போல, ஓரத்துல கிளாஸ் தெரியுது. தாளை நாலா மடிச்சுப் பாக்கெட்ல வெச்சிருந்து, விரிச்சு, சாய்வா ஒரு கிளிக். மடிப்பு எந்த எடத்துல விழுந்திருக்குன்னா, சரியா போர் (துளை) அளவு மேல. அந்தப் பீஸ்லயே முக்கியமான அளவு அது ஒண்ணுதான்.

28-ஆ? 23-ஆ?

பெருசு பண்ணிப் பார்த்தேன், 28. இன்னுங் கொஞ்சம் பெருசு பண்ணேன், 23. அதுக்கு மேல பெருசு பண்ணா வெறும் கட்டங்கட்டமாத் தெரியுது, அளவையே காணோம்.

போன் போட்டா எடுக்கல. காலைல ஒம்பது மணிக்கு அவரே கூப்புடறாரு. "ஏனுங்ணா, ஆரம்பிச்சாச்சுங்களா?"

அந்தக் கடுப்புல எழுதறதுதான் இது. சித்த நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

(புதுசா வர்றவங்களுக்கு: கணபதி பக்கம் சின்னதா ஒரு லேத்துப் பட்டறை வெச்சிருக்கேன். ஜாப் ஒர்க்குத்தான். பம்பு கம்பெனிங்களுக்கும், மில் மிஷின் செய்யறவங்களுக்கும் ஷாஃப்ட்டு, புஷ்ஷு, காலர்னு கடைஞ்சு குடுக்கறது. கோயமுத்தூர்ல கல்லை விட்டெறிஞ்சா நம்மளை மாதிரி ஒருத்தர் பட்டறைக் கூரை மேலதான் விழும்.)

நான் தொழிலுக்கு வந்த காலத்துல டிராயிங்குன்னா அம்மோனியா பிரிண்ட்டுங்க. ட்ரேசிங் பேப்பர்ல இங்க்ல வரைவாங்க. அதை மருந்து பூசுன தாள் மேல வெச்சு வெளிச்சங் காட்டுவாங்க. அப்பறம் அம்மோனியா ஆவியில விட்டு எடுப்பாங்க. வெளிச்சம் பட்ட எடத்துல மருந்து செத்துப்போகும், கோடு மறைச்ச எடம் மட்டும் நீலமா எழும்பி வரும். கையில வாங்கும்போதே நெடி மூக்கைப் புடிக்கும். பட்டறைக்குப் புது டிராயிங் வந்திருக்குன்னு யாரும் சொல்லவே வேண்டாம்.

அந்தத் தாள்ல வலது பக்கம் கீழ் மூலையில ஒரு பெட்டி இருக்கும். மூணு கையெழுத்து. வரைஞ்சவரு, சரிபார்த்தவரு, ஒப்புதல் குடுத்தவரு. தேதி. ரிவிஷன் நம்பரு. ஏதாச்சும் அளவு மாறுனா, என்ன மாறுச்சு, எப்ப மாறுச்சுன்னு அதுக்குன்னு இருக்கற கட்டத்துல எழுதோணும். புது பிரிண்ட் எடுத்து ஆள் மூலமா அனுப்பி, பழசைத் திருப்பி வாங்கிட்டுப் போவாங்க. பழசைத் தரலைன்னா புதுசு கெடைக்காது. அம்புட்டுக் கறாரு.

அந்தக் கறாருக்குக் காரணம் ஒழுக்கம்னு எல்லாம் நான் சொல்ல மாட்டேன். ஒரு அளவை மாத்தறது அனுப்பறவருக்கே பெரிய தொந்தரவு. பிளேடு வெச்சு ட்ரேசிங்கைச் சொரண்டோணும், திரும்ப வரையோணும், மூணு பேரைத் தேடிப் புடிச்சுக் கையெழுத்து வாங்கோணும், பையனை சைக்கிள்ல அனுப்போணும். இத்தனை சோலிக்குப் பயந்துக்கிட்டே அனுப்பறதுக்கு முன்னாடி உக்காந்து யோசிச்சாங்க.

இப்ப அனுப்பறதுக்கு ஒரு வெரல் போதும். அதனால யோசிக்கற வேலை வாங்கறவங்ககிட்ட வந்திருச்சு.

என் புகார் மொத்தமும் இதுதானுங்க. காகிதம் போறதைப் பத்தி எனக்கு வெசனம் எதுவும் இல்ல. காகிதத்துக்குப் பின்னாடி ஒருத்தரு உக்காந்து பார்த்துக்கிட்டிருந்த சோலி இருக்குது பாருங்க, அது எங்கயும் போகல. சத்தமில்லாம நம்ம தலையில ஏறி உக்காந்திருக்குது. சம்பளமும் இல்ல.

நடுவுல ஃபேக்ஸ்னு ஒரு காலம் வந்துச்சு. ஞாபகம் இருக்குதுங்களா? ரோல் பேப்பர் சுருண்டு சுருண்டு வெளிய வரும். அதுல இங்க்கே கெடையாது, சூடு பட்டாக் கறுக்கற மருந்து பூசுன தாள். கொஞ்ச மாசம் கழிச்சு ஃபைலைத் தொறந்தா வெள்ளைவெளேர்னு இருக்கும். அதனால ஃபேக்ஸ் வந்த ஒடனே ஜெராக்ஸ் கடைக்கு ஓடி ஒரு காப்பி எடுத்து வெக்கறது. லைன்ல பறந்து வந்ததுக்குக் காகிதத்துல காவல்!

அந்தத் தாள் ஃபேக்ஸோட ஒழிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. ஏடிஎம் சீட்டு, பெட்ரோல் பங்க் பில்லு, பஸ்ல கண்டக்டர் மிஷின்ல அடிச்சுத் தர்ற டிக்கெட்டு எல்லாம் அதே சாதிதான். எங்க ஊட்ல கிரைண்டர் வாங்குனோம். (நம்ம ஊருக் கிரைண்டர்தான். கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்குதுங்க, சும்மாவா?) வாரண்ட்டி இருக்கறதால பில்லைப் பத்திரப்படுத்தோணும்னு ஊட்டுக்காரம்மா பூஜை ரூம்ல சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வெச்சாங்க. வெளக்குச் சூட்டுல பில்லு முழுசாக் கறுத்துப்போச்சு. வாரண்ட்டிக்கு இப்ப அந்த முருகன்தான் சாட்சி.

சரி, வாட்ஸ்அப் டிராயிங்குக்கு வர்றேன்.

போட்டோவா அனுப்புனா அந்த ஆப்பு படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். டாக்குமெண்ட்டுன்னு தனியா ஒரு வழி இருக்குது. அதுல அனுப்புனா இருக்கறது இருக்கறபடியே வரும். இதை நான் சொல்லிக் குடுக்காத பர்ச்சேஸ் தம்பி கோயமுத்தூர்ல கெடையாது. "சரிங்ணா, சரிங்ணா"ன்னு தலையாட்டுவாங்க. அடுத்த டிராயிங்கும் போட்டோவாத்தான் வரும்.

எதுக்கு இவ்வளவு அலும்பு பண்றேன்னு கேப்பீங்க. 28 எம்எம் போருக்குப் பக்கத்துல எச்7-ன்னு போட்டிருந்தா என்ன கணக்குன்னா, 28-க்குக் கீழ ஒரு மைக்ரான் கூடப் போகக்கூடாது. மேல 21 மைக்ரான் வரைக்கும் போகலாம். நம்ம தலைமுடி ஒண்ணு சுமாரா 70 மைக்ரான் தடிமன் இருக்கும். முடியில மூணுல ஒரு பங்குக்குள்ள நின்னு கடைஞ்சு குடுக்கற சோலிங்க இது. அதுக்கு வர்ற டிராயிங்ல அஞ்சு எம்எம் சந்தேகம்!

ரிவிஷன் கதை இன்னும் மோசம். "ஃபைனல்"னு ஒண்ணு வரும். மத்தியானம் "ஃபைனல் புதுசு"ன்னு ஒண்ணு. சாயங்காலம் பேரே இல்லாம ஒண்ணு. என்ன மாறுச்சுன்னு எவரும் எழுதறதில்ல. ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, சின்ன வயசுல வாரப் பத்திரிகையில 'ஆறு வித்தியாசம்' கண்டுபுடிச்சமே, அந்த மாதிரி தேடோணும்.

இதுல அழிக்கற வசதி வேற. அனுப்புனவரு நெனச்சா ரெண்டு நாள் கழிச்சுக் கூட அனுப்புனதை ரெண்டு பக்கமும் அழிச்சரலாம். "இந்த மெசேஜ் நீக்கப்பட்டது"ன்னு ஒரு வரி மட்டும் நிக்கும். அம்மோனியா பிரிண்ட் காலத்துல எந்தக் கம்பெனிக்காரரும் ராத்திரி செவுரேறிக் குதிச்சு எம்மேசையில இருந்து டிராயிங்கை உருவிட்டுப் போனதில்லீங்க.

தப்பே சொல்லிட்டிருந்தா நாயமில்ல. நல்லதையும் சொல்லோணும்.

ஜாப் ஒர்க்குன்னா சலான். டீசி புக்குன்னு சொல்லுவோம். கார்பன் பேப்பர் வெச்சு மூணு காப்பி எழுதோணும்: சரக்கு வாங்கறவருக்கு ஒண்ணு, வண்டிக்காரருக்கு ஒண்ணு, அனுப்பறவருக்கு ஒண்ணு. மூணாவது காப்பியில கார்பன் தேஞ்சு எழுத்து மங்கலா விழும். வருசக் கடைசியில கணக்குப் பார்க்கற ஆடிட்டரு கண்ணாடியைத் தொடைச்சுத் தொடைச்சுப் பார்ப்பாரு. ஜிஎஸ்டி 2017 ஜூலையில வந்துச்சு. அடுத்த வருசம் இ-வே பில்லு. 2018 பிப்ரவரி 1-ல இருந்துன்னு நாள் குறிச்சாங்க. முதல் நாளே வெப்சைட் படுத்திருச்சு. தள்ளி வெச்சு ஏப்ரல் 1-ல மாநிலம் விட்டு மாநிலம் போற சரக்குக்கும், ஜூன்ல நம்ம தமிழ்நாட்டுக்குள்ள போற சரக்குக்கும் கொண்டு வந்தாங்க. அப்ப நாங்க போட்ட கூச்சல் கொஞ்ச நஞ்சமில்ல. ஆனா இப்ப சொல்றேன், அது நல்ல ஏற்பாடு. காரணம், அதுல தப்பாப் போட முடியாது. வண்டி நம்பரு இல்லாம, மதிப்பு இல்லாம, ஜிஎஸ்டி நம்பரு சரியில்லாம போட்டா, 'போயிட்டு அப்பறம் வா'ன்னு தொரத்தி விட்டுரும். அனுப்பறவரு யோசிச்சே ஆகோணும். (அதே கறாருதான், அம்மோனியா நெடி மட்டும் இல்ல.)

ஆனா ஒண்ணு. இ-வே பில்லு நம்பரு டிரைவர் போன்ல இருந்தாப் போதும்னு விதி இருக்குது. அதுக்குன்னு சலானை விட்டுட்டுப் போக முடியாது. அது வண்டியில இருக்கோணும், அதே மூணு காப்பி. கார்பன் பேப்பர் விக்கற கடைக்காரரு இன்னும் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்புடறாரு.

காகிதம் ஒழியப்போகுதுன்னு யாராச்சும் சொன்னா நம்ம பக்கத்துலயே ரெண்டு ஊரைக் காட்டுங்க. ஈரோட்டுக்குப் பக்கத்துல பள்ளிபாளையம், காவிரிக் கரையில சேஷசாயி பேப்பர் மில்லு. 1960-ல ஆரம்பிச்ச கம்பெனி. அந்தப் பக்கம் கரூருக்குப் போற வழியில காகிதபுரம். ஊருக்கே அதுதான் பேரு! தமிழ்நாடு காகித ஆலை, 1984-ல இருந்து கரும்புச் சக்கையில காகிதம் ஓட்டறாங்க. நம்ம தோட்டத்துக் கரும்பு சாறாச் சக்கரைக்குப் போகுது, சக்கையா நோட்டுப் புக்குக்குப் போகுது. கொங்கு நாட்டுக்காரங்க காகிதத்தை அவ்வளவு லேசா விட்டுர மாட்டோம்.

ஊட்டு விசயத்துக்கு வர்றேன்.

கரண்டு ரீடிங் எடுக்க வர்றவரு முன்னெல்லாம் வெள்ளை அட்டையில தேதி, ரீடிங், தொகைன்னு எழுதிட்டுப் போவாரு. அட்டை மீட்டர் பொட்டி பக்கத்துல ஆணியில தொங்கும். எங்கம்மாவுக்குப் படிப்பு நாலாங்கிளாஸ். ஆனா அந்த அட்டையைப் பார்த்து "போன தடவைக்கு இந்தத் தடவை எச்சா வந்திருக்குது, எவன்டா பொழுதனிக்கும் பேனைப் போடறது?"ன்னு பஞ்சாயத்தே வெப்பாங்க. இப்ப எஸ்எம்எஸ் வருது. எந்நேரமும் கட்டலாம், கியூவுல நிக்க வேண்டாம், எனக்கு அது பெரிய சௌகரியம். ஆனா அந்த எஸ்எம்எஸ் வர்றது பெங்களூர்ல இருக்கற எம்பையன் போனுக்கு. ஊட்ல பேன் போடற பஞ்சாயத்து நின்னு போச்சு. அம்மாவுக்கு அதுல கொஞ்சம் அதிகாரம் போன மாதிரித்தான்.

ரேஷன் கார்டும் அப்படித்தான். புஸ்தகமா இருந்த காலத்துல வருசா வருசம் உள்தாள் ஒட்டி ஒட்டிக் குண்டாயிட்டே போகும். 2017-ல ஸ்மார்ட் கார்டு குடுத்தாங்க. இப்ப சக்கரை வாங்குனா ஒடனே மெசேஜ் வந்திருது. வாங்காமயே வாங்குனதா எழுதிக்கற சோலி அதோட கொறைஞ்சுது. இதுக்கு நான் ரெண்டு கையும் தூக்கிக் கும்பிடறேன்.

வில்லங்கச் சான்றும் கும்பிடத்தக்கதுதான். பத்திர ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு அலைஞ்சதெல்லாம் போயி, ராத்திரி லுங்கியோட உக்காந்து ஒரு பைசா இல்லாம பார்க்க முடியுது. சர்வே நம்பரைத் தட்டுனா பூமி யாரு பேருக்கு எப்ப மாறுச்சுன்னு வரிசையா வந்து நிக்குது. அதை அப்படியே எடுத்துட்டு லோனுக்காக ஒரு பேங்குக்குப் போனேன். போன்ல காட்டுனேன்.

"பிரிண்ட் அவுட் குடுங்க சார். ரெண்டு செட்டு."

ஜெராக்ஸ் கடைக்குப் போனா அங்க நமக்கு முன்னாடி ஒரு கும்பலே நிக்குது. ஆதார் பிரிண்ட்டு, பட்டா பிரிண்ட்டு, ஹால் டிக்கெட்டு, கலர்ல ஒண்ணு, கறுப்புல மூணு. முன்னெல்லாம் சர்க்காரு காகிதத்துல, சர்க்காரு இங்க்ல நமக்கு வரும். இப்ப நம்ம காகிதத்துல, நம்ம காசுல, நாமளே அச்சடிச்சுத் திருப்பிக் குடுக்கறோம். எல்லா ஆபீசும் காகிதமில்லா ஆபீஸ்தான், காகிதம் முழுக்க எதுத்தாப்புல இருக்கற ஜெராக்ஸ் கடையில இருக்குது.

இப்பக் கல்யாணப் பத்திரிகை.

நம்ம பக்கத்துல புருசனும் பொண்டாட்டியுமா ஒட்டுக்கா வந்து, தட்டுல வெத்தலை பாக்குப் பழத்தோட பத்திரிகை வெக்கோணும். அதுதான் மொறை. இப்ப ஒறம்பரை குரூப்புல பாட்டுப் போட்ட வீடியோ ஒண்ணு வந்து விழுது. கூடவே ஒரு வரி, "இதையே நேர்ல வந்து அழைச்சதா ஏத்துக்கோங்க." நமக்கா, குரூப்புக்கா? குடும்பத்தோடயா, நான் மட்டுமா? சீருக்குப் போறதா, முகூர்த்தத்துக்கா? யோசிச்சுக்கோங்க. அதுவும் நம்ம சோலிதான்.

இதுல புதுசா ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியுமுங்க. எங்கப்பாரு ஒரு நெருங்குன சொந்தத்துல கல்யாணத்துக்கே போகல. காரணம், பத்திரிகை தபால்ல வந்துது. "ஒரு ஸ்டாம்பை ஒட்டி என்னை முடிச்சுட்டானா?"ன்னு கேட்டவரு. தபாலே அவருக்கு அன்னைக்கு வாட்ஸ்அப்பு! மனுசன் நடந்து வரோணும், அவ்வளவுதான் அவரு கணக்கு.

பத்திரிகை போன்ல வந்தாலும் மண்டபத்து வாசல்ல மொய் நோட்டு மட்டும் அசையாம உக்காந்திருக்குது. 2021-ல மதுரைப் பக்கம் ஒரு கல்யாணப் பத்திரிகையிலயே க்யூஆர் கோடு அச்சடிச்சு, கூகுள் பே, போன் பேல மொய் வைக்கச் சொல்லியிருந்தாங்க. நாடே சிரிச்சுது. இப்ப எங்க பக்கமும் மொய் மேசையில ஒரு க்யூஆர் அட்டை சாஞ்சு நிக்குது. ஸ்கேன் பண்ணிட்டு, சத்தம் வந்ததுக்கப்பறமும், "என்ற பேரை நோட்டுல எழுதீட்டீங்களா?"ன்னு எட்டிப் பார்த்துட்டுத்தான் பந்திக்குப் போறாங்க. நானும்தான்.

ஒரே ஒரு எடத்துல மட்டும் எந்தப் புகாரும் இல்லாம தோத்துட்டேன். காங்கயம் பக்கத்துல எங்க பெரியம்மா இருக்காங்க. எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் காலத்துல அவங்க கடுதாசி எல்லாம் பக்கத்து ஊட்டுப் பள்ளிக்கொடத்துப் பையன் கையெழுத்துலதான் வரும். "இங்கு அனைவரும் நலம்." அவ்வளவுதான் இருக்கும். பையன் எழுதறப்ப மருமக சண்டையைச் சொல்ல முடியுமா, மூட்டு வலியைச் சொல்ல முடியுமா? இப்ப பேத்தி சொல்லிக் குடுத்து மைக்கை அமுக்கப் பழகிட்டாங்க. "ஏஞ்சாமி, நல்லாருக்கியா? சோறு தின்னயா?"ன்னு ஆரம்பிச்சு, மாடு கன்னு போட்டதுல இருந்து மருமக முறைச்சது வரைக்கும் மூச்சு விடாம வருது. பின்னால கட்டுத்தரையில மாடு கத்தறது கேக்குது. எழுத்தே தேவையில்லாம ஒரு பொம்பளை தன் பேச்சைத் தானே அனுப்பறாங்க. எந்தத் தபாலும் இத்தனை வருசத்துல அவங்களுக்கு இதைச் செஞ்சு குடுக்கல.

(என்ன, பட்டறையில ஸ்பீக்கர் போட்டுட்டேன்னா மருமக கதை அங்க வேலை செய்யற ஒடிசாப் பையனுங்க வரைக்கும் போயிருது.)

கடைசியா, இந்தத் தொழில்ல எல்லாருக்கும் இருக்கற தலைவலி. வராத பணம். எங்களை மாதிரி சின்னப் பட்டறைக்கு 45 நாளைக்குள்ள பணம் குடுக்கோணும்னு 2006-லயே சட்டம் இருக்குது. குடுக்காதவங்களுக்கு முன்னெல்லாம் ஒரு ரெஜிஸ்டர் தபால் போடுவோம், அக்னாலட்ஜ்மெண்ட் அட்டையோட. அட்டையில அவங்க ஆபீஸ் சீலும் கையெழுத்தும் விழுந்து திரும்பி வந்தாலே பாதிப் பணம் வந்த மாதிரி. "கெடைக்கவே இல்லையே"ங்கற பேச்சுக்கு எடமில்ல. 2025-ல ரெஜிஸ்டர் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோட சேர்த்துட்டாங்க. ஸ்பீடு போஸ்ட்டே 1986-ல வந்ததுதான், அண்ணனைத் தம்பி முழுங்கிட்டான். தபால் எங்க போயிட்டிருக்குதுன்னு போன்லயே பார்க்கலாம், நல்லதுதான். ஆனா எங்க ஆளுங்க இப்ப அதையும் விட்டுட்டு வாட்ஸ்அப்புலதான் பாக்கி கேக்கறாங்க. நீல டிக் வந்தாப் படிச்சுட்டாங்கன்னு அர்த்தமாம். அந்த டிக்கையும் அமுத்தி வெக்கலாமேங்க! அக்னாலட்ஜ்மெண்ட் அட்டையை அமுத்தி வெக்க முடியுமா?

கோர்ட்டுக்குப் போனாலும் காகிதம்தான். 2024 ஜூலையில இருந்து புதுச் சாட்சியச் சட்டம் நடைமுறையில இருக்குது. அதுல 63-ஆம் பிரிவுப்படி, போன்ல வந்ததைச் சாட்சியமாக் காட்டோணும்னா கூடவே ஒரு சான்றிதழ் தரோணும். ரெண்டு பாகம். ஒண்ணுல நாம கையெழுத்துப் போடோணும், இன்னொண்ணுல விசயம் தெரிஞ்ச நிபுணர் போடோணும்.

கனடாவுல 2023-ல ஒரு வழக்கு. ஒரு விவசாயிக்குத் தானியம் வாங்கற கம்பெனிக்காரங்க ஆளிவிதை ஒப்பந்தத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க. (பாருங்க, அங்கயும் போட்டோ!) அவரு பதிலுக்குக் கட்டைவிரல் பொம்மை ஒண்ணை அனுப்பியிருக்காரு. "பார்த்துட்டேன்னு சொன்னேன்"ங்கறது அவரு பேச்சு. "ஒத்துக்கிட்டே"ங்கறது கம்பெனி பேச்சு. ஜட்ஜு கட்டைவிரலைக் கையெழுத்தா எடுத்துக்கிட்டாரு. ஆளிவிதை அனுப்பாததுக்கு அந்த மனுசன் 82,000 டாலருக்கு மேல நட்டஈடு கட்டோணும்னு தீர்ப்பு.

இதைப் படிச்சதுல இருந்து நான் ஒரு பழக்கம் வெச்சிருக்கேன். டிராயிங் வந்தா அளவெல்லாம் நானே திரும்ப டைப் பண்ணி அனுப்பிருவேன். ஷாஃப்ட்டு இத்தனை எம்எம், நீளம் இத்தனை, மெட்டீரியல் ஈஎன்8, எண்ணிக்கை இத்தனை, சரிங்களா? பதில் வந்தாத்தான் மிஷின் ஓடும். பர்ச்சேஸ் தம்பிங்க எல்லாம் இப்பப் பழகிட்டாங்க. கட்டைவிரல் அனுப்பறவங்க அனுப்பறாங்க, அது எனக்குப் போதும், கனடாத் தீர்ப்பு கையில இருக்குது.

ஒருத்தரு மட்டும் எத்தனை அளவு அனுப்புனாலும் ரெண்டு கையும் கூப்பி ஒரு கும்பிடு பொம்மை போடறாரு. அது சரின்னு அர்த்தமா, ஆளை விடுங்கன்னு அர்த்தமா? தெரிஞ்ச வக்கீலு யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க. அவரு பீஸ் இன்னும் மிஷின்ல ஏறல.